வகுப்புத் தோழிகள் கட்டிய அருங்காட்சியகம்



பி.காம். படிக்கிறவனுக்கு ஜப்பான் வரலாற்றில் என்ன வேலை என்று என் வகுப்பிலேயே சிலர் கேட்பார்கள். கணக்குப் பதிவியலும் கம்பெனிச் சட்டமும் படித்துக் களைத்துப் போகும்போதுதான் இப்படிப்பட்ட விஷயங்களைத் தேடிப் படிக்கத் தோன்றுகிறது. போரில் இறந்துபோன தங்கள் பள்ளித் தோழிகளையும் ஆசிரியர்களையும் உலகம் தப்பாக நினைவு வைத்திருக்கிறது என்று நினைத்த சில பெண்கள், அறுபது வயதை ஒட்டிய காலத்தில் ஒன்று சேர்ந்து ஓர் அருங்காட்சியகமே கட்டியிருக்கிறார்கள். நடந்த இடம் ஜப்பானின் தென்கோடியில் இருக்கும் ஒகினாவா தீவு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரே வளாகத்தில் இரண்டு பள்ளிகள்

ஒகினாவாவின் தலைநகரான நாஹாவில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றும், முதலாம் பெண்கள் உயர்நிலைப் பள்ளி என்ற பள்ளியும் ஒரே வளாகத்தில் இயங்கி வந்தன. இரண்டு பள்ளிகளுக்கும் தனித்தனி இதழ்கள் இருந்தன. ஒன்றின் பெயர் ‘ஓட்டோஹிமே’, இன்னொன்றின் பெயர் ‘ஷிராயுரி’. இரண்டு பெயரையும் சேர்த்து வந்ததுதான் ‘ஹிமேயுரி’. அது ஒரு பூவின் பெயராகவும் இருப்பதால், போரில் வாடிய மலர்கள் என்கிற மாதிரி பின்னாளில் பலர் உருகி உருகி எழுதினார்கள். உண்மையில் அது பள்ளி இதழின் பெயர், அவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1944இல் போர் ஒகினாவாவை நெருங்கியது. அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று நடந்த விமானத் தாக்குதலில் நாஹா நகரின் பெரும்பகுதி எரிந்து போனது. அதற்கு முன்பிருந்தே பள்ளியில் பாடம் குறைந்து வேலை கூடியிருந்தது. பதுங்குகுழி தோண்டுவது, விமானத் தளத்துக்கு மண் சுமப்பது, காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போடப் பழகுவது என்று நாட்கள் போயின. நாட்டுக்காக உயிர் கொடுப்பது பெருமை, எதிரியிடம் பிடிபடுவது அவமானம் என்று வகுப்பறையிலேயே சொல்லிக் கொடுத்தார்கள்.

1945 மார்ச் 23 அன்று இரவு 222 மாணவிகளும் 18 ஆசிரியர்களும், மொத்தம் 240 பேர், ஹயெபரு என்ற ஊரில் இருந்த ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். மாணவிகளுக்கு வயது 15 முதல் 19 வரை. சில நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பிப் பாடப்புத்தகமும் எழுதுபொருளும் எடுத்துப் போனவர்கள் இருந்தார்கள். ‘மருத்துவமனை’ என்றதும் கட்டடம், கட்டில் என்று நினைத்துவிட வேண்டாம். குன்றைக் குடைந்து தோண்டிய குகைகள்தான் அந்த மருத்துவமனை.

மார்ச் 29 இரவு அங்கேயே பட்டமளிப்பு விழா நடந்தது. வெளியே குண்டு விழுந்துகொண்டிருக்க, மங்கிய வெளிச்சத்தில் நடந்த விழா. அந்த ஆண்டு படிப்பை முடிப்பவர்களுக்காகப் பள்ளியின் இளம் இசை ஆசிரியர் ஒரு பிரிவுப் பாடலுக்கு மெட்டமைத்திருந்தார். மாணவிகளும் பயிற்சி செய்து வைத்திருந்தார்கள். ஆனால் விழாவில் அந்தப் பாடலைப் பாட முடியவில்லை. போர்க்காலத்துக்கென்று இருந்த வேறு பாடலைத்தான் பாடினார்கள்.

கணக்கில் தெரிவது

ஏப்ரல் 1 அன்று அமெரிக்கப் படை ஒகினாவாவின் பெரிய தீவில் இறங்கியது. அதற்குப் பிறகு குகைகளுக்குள் நடந்ததை இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. காயம்பட்ட வீரர்கள் வந்து குவிந்தார்கள். மாணவிகள் சோறும் தண்ணீரும் சுமந்தார்கள், அறுவை சிகிச்சையின்போது காலையும் கையையும் பிடித்துக்கொண்டார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். குண்டு மழையில் வெளியே போய்த் தண்ணீர் எடுத்து வருவதும் அவர்கள் வேலைதான். மே மாத இறுதியில் ராணுவம் தெற்கே பின்வாங்கியபோது அவர்களும் போனார்கள். நடக்க முடியாதவர்களை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது.

ஜூன் 18 இரவு ராணுவம் ஓர் உத்தரவு போட்டது. மாணவிகள் படை கலைக்கப்படுகிறது, இனி அவரவர் முடிவுப்படி நடந்துகொள்ளலாம் என்றது உத்தரவு. சுற்றிலும் எதிரிப் படை, ஒருபக்கம் கடல். இந்த நேரத்தில் பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து ‘இனி உன் இஷ்டம்’ என்றால் என்ன அர்த்தம்?

கணக்குப் படிக்கிறவன் என்பதால் எண்களைத்தான் முதலில் பார்த்தேன். போர்க்களத்துக்குப் போய் ஏறத்தாழ 90 நாட்கள், உத்தரவு வரும்வரை அந்த 240 பேரில் இறந்தவர்கள் 19 பேர். உத்தரவுக்குப் பிறகு சில நாட்களுக்குள் இறந்தவர்கள் 100 பேருக்கும் மேல். மொத்தத்தில் 222 மாணவிகளில் 123 பேர் இறந்தார்கள், 18 ஆசிரியர்களில் 13 பேர் இறந்தார்கள். குண்டுகளுக்கு நடுவே மூன்று மாதம் தாக்குப்பிடித்தவர்கள், கைவிடப்பட்ட ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ‘வீர மரணம்’ என்ற சொல் எவ்வளவு பொய் என்று புரியும்.

உத்தரவு வந்த மறுநாள், ஜூன் 19 காலையில், இஹாரா என்ற இடத்தில் மூன்றாம் அறுவைப் பிரிவு இருந்த குகை தாக்கப்பட்டது. உள்ளே 5 ஆசிரியர்களும் 46 மாணவிகளும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பிரிவுப் பாடலுக்கு மெட்டமைத்த அந்த இசை ஆசிரியரும் அங்கேதான் இறந்தார்.

ஆசிரியர்களை என்ன சொல்வது?

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த பகுதி இதுதான். போருக்கு அழைத்துப் போனவர்களும் ஆசிரியர்கள், கூடவே இறந்தவர்களும் ஆசிரியர்கள்.

அராசாகி என்ற கடற்கரைப் பாறைகளில் ஜூன் 21 அன்று அமெரிக்க வீரர்கள் நெருங்கி வந்தபோது, ஓர் ஆசிரியரும் அவருடன் இருந்த மாணவிகளும் கைக்குண்டை வெடிக்கச் செய்து இறந்தார்கள். அதே கரையோரத்தில் கியான் பகுதியில் நகாசோனே செய்சென் என்ற ஆசிரியருடன் 12 மாணவிகள் இருந்தார்கள். அவர்களிடமும் கைக்குண்டு இருந்தது. அவர் அதை வெடிக்க விடவில்லை. ஜூன் 23 அன்று எல்லாருமாகப் பிடிபட்டார்கள், அதனால் உயிர் பிழைத்தார்கள்.

முதல்வரைக் குற்றம் சொல்ல நமக்குத் தகுதி இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. அவரும் அதே பாடத்தைப் படித்துத்தான் ஆசிரியர் ஆனவர். ஆனால் பிழைத்த நகாசோனே தன்னைச் சும்மா விட்டுவிடவில்லை. பிழைத்த மாணவிகளின் குறிப்புகளைத் திரட்டி 1951இல் புத்தகமாக்கினார். பிறகு ர்யூக்யூ பல்கலைக்கழகத்தில் மொழி ஆராய்ச்சியாளராகப் பெயர் பெற்றார், தன் சொந்த ஊரான நகிஜினின் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்தார். அத்தனை வேலைக்கு நடுவிலும் இறந்த மாணவிகளைப் பற்றிப் பேசுவதை அவர் விடவில்லை.

நாற்பது வருட மௌனம்

போர் முடிந்தபோது பள்ளி இல்லை. கட்டடங்கள் அழிந்தன, இரண்டு பள்ளிகளும் அதோடு மூடப்பட்டன, மறுபடி திறக்கவே இல்லை. நம் பள்ளியில் யாராவது இறந்தால் இரங்கல் கூட்டம் நடக்கும், அசெம்பிளியில் ஒரு நிமிட மௌனம் இருக்கும், அப்படித்தானே? இவர்களுக்கு அதை நடத்தவும் ஒரு பள்ளி இல்லை.

1946இல் அந்தப் பகுதியில் குடியேற்றப்பட்ட மவாஷி கிராமத்து மக்கள், வெட்டவெளியில் கிடந்த எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். அந்த ஏப்ரலில், மூன்றாம் அறுவைப் பிரிவுக் குகையின் வாயில் ஒரு சிறிய நினைவுக்கல் நட்டார்கள். அதற்கு முன்நின்றவர் கிராமத் தலைவர் கின்ஜோ வாஷின். இறந்த மாணவிகளில் அவருடைய மகள்களும் இருந்தார்கள். அந்தக் கல்லுக்குத்தான் ‘ஹிமேயுரி கோபுரம்’ என்று பெயர்.

பிறகு நாவல் வந்தது. 1953இல் இமாய் தடாஷி எடுத்த திரைப்படம் வந்து ஜப்பான் முழுக்க ஓடியது. சுற்றுலாப் பேருந்துகள் கோபுரத்துக்கு முன்னால் வந்து நின்றன. தூய உள்ளம் கொண்ட இளம்பெண்கள் நாட்டுக்காக மலர்போல் உதிர்ந்தார்கள் என்று கேட்டுக் கண்ணீர் விட்டுவிட்டுப் போனார்கள். (பெயரைப் பூவோடு சேர்த்துக் கட்டியது எவ்வளவு வசதியாகப் போய்விட்டது பாருங்கள்.)

பிழைத்தவர்களோ பேசவே இல்லை. காரணம் அவர்களே பின்னாளில் சொன்னார்கள். இறந்த தோழியின் அம்மாவை வழியில் பார்த்தால் நிமிர்ந்து பார்க்க முடியாதாம். ‘என் பெண் போய்விட்டாள், நீ மட்டும் எப்படி வந்தாய்?’ என்று அந்த அம்மா வாய் திறந்து கேட்காவிட்டாலும் இவர்கள் காதில் அது விழுந்துகொண்டே இருந்தது. கல்யாணம், குழந்தை, வேலை என்று வாழ்க்கை போனது. இடையில் 1972இல் ஒகினாவா அமெரிக்க நிர்வாகத்திலிருந்து ஜப்பானுக்குத் திரும்பியது. நினைவு நாளுக்குக் கோபுரத்துக்குப் போவதே சிலருக்கு முடியாத காரியமாக இருந்தது.

1980களில் இவர்களுக்கு வயது அறுபதை நெருங்கியது. நாமும் போய்விட்டால் அந்த நாவலும் சினிமாவும்தானே மிஞ்சும் என்ற பயம் வந்தது. பழைய மாணவிகள் சங்கம் 1982இல் அருங்காட்சியகம் கட்ட முடிவு செய்தது. பணத்தைத் தாங்களே திரட்டினார்கள். நாற்பது வருடமாக நினைக்கவே நடுங்கிய அதே குகைகளுக்குள் மறுபடி இறங்கினார்கள். மண்ணைக் கிளறி எழுதுபொருள், சீப்பு, கண்ணாடி என்று கிடைத்ததை எல்லாம் எடுத்து வந்தார்கள். 1989 ஜூன் 23 அன்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் நகாசோனே செய்சென்.

வருகைப் பதிவேடு மாதிரி

இந்த அருங்காட்சியகத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஓர் அறை. அங்கே சுவர் முழுக்க முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர், அவள் எப்படிப்பட்ட பெண், எங்கே எப்படி இறந்தாள் என்ற விவரம். யாரையும் வீராங்கனை என்று உயர்த்திப் பேசவில்லை. கூடப் படித்த ஒருத்தியால் மட்டுமே சொல்ல முடிகிற சங்கதிகள் அவை.

அந்த நினைவுப் பட்டியலில் இருப்பவர்கள் 227 பேர். மருத்துவமனைக்குப் போய் இறந்தவர்கள் 136 பேர்தானே, மீதி 91 பேர் யார்? மருத்துவமனைக்குப் போன படையில் இல்லாமல் அதே போரில் இறந்த மாணவிகளும் ஆசிரியர்களும்தான் அவர்கள். மொத்தமாக 211 மாணவிகள், 16 ஆசிரியர்கள். சினிமாவுக்கு இந்த 91 பேர் தேவைப்படவில்லை, ஏனென்றால் அவர்கள் கதையில் வரவில்லை. ஆனால் தோழிகளுக்குத் தேவைப்பட்டார்கள். நாட்டுக்கு என்ன செய்தாள் என்று பார்த்துப் பட்டியல் போடுவது அரசாங்கத்தின் வழக்கம். எங்கள் வகுப்பில் இருந்தாளா என்று பார்த்துப் பட்டியல் போட்டார்கள் இவர்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும், சுவரிலும் பெயர் உண்டு.

இறந்தவர்களை நினைவு கூர்வதில் எனக்குப் பெரிய பாடமாகத் தோன்றுவது இதுதான் நண்பர்களே. ஒருவர் இறந்ததும் அவரைப் பெரிய ஆளாக்கிவிடுகிறோம். புகழ்ந்து புகழ்ந்து கடைசியில் அவர் யார் என்பதே மறந்துபோகிறது. இந்தப் பெண்கள் அதற்கு நேர் எதிராகச் செய்தார்கள். உலகம் தேவதைகளாக்கி வைத்திருந்தவர்களை மறுபடி சிரிக்கிற, அரட்டை அடிக்கிற, குகைக்குள் பயந்து அழுத பள்ளிப் பெண்களாக்கினார்கள். அவர்கள் சாக விரும்பிச் சாகவில்லை என்பதையும், அவர்களைச் சாகச் சொல்லிக் கொடுத்த பள்ளி தங்கள் பள்ளிதான் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். தான் நேசித்த பள்ளியைப் பற்றி இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

திறந்த நாள் முதல் அவர்களே பார்வையாளர்களிடம் நின்று பேசினார்கள். வயது ஏற ஏற முடியாமல் போனது. 2015 மார்ச்சோடு அவர்களுடைய வழக்கமான சொற்பொழிவுகள் நின்றன. 2018இல் போருக்குப் பின் பிறந்த ஒருவர் முதன்முறையாக இயக்குநர் ஆனார். 2021இல் காட்சிக்கூடத்தைப் புதுப்பித்தபோது, போரையே அறியாத தலைமுறை போரை அறியாத இன்னொரு தலைமுறைக்குச் சொல்லும்படியாக மாற்றி அமைத்தார்கள். பள்ளி நாட்களில் சிரித்துக்கொண்டிருக்கும் படங்களுக்கு அதில் முக்கிய இடம் கொடுத்தார்கள். 1945இல் 15 வயது என்றால் இன்று 95ஐத் தாண்டியிருக்க வேண்டும். நேரில் பார்த்துப் பேசியவர்களின் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது.

ஒகினாவாப் போரின் நினைவு நாள் ஜூன் 23. ஒவ்வொரு ஆண்டும் அன்று கோபுரத்துக்கு முன்னால் அஞ்சலி நடக்கும். பட்டமளிப்பு விழாவில் பாட முடியாமல் போன அந்தப் பிரிவுப் பாடலை அங்கே பாடுவார்கள். மெட்டமைத்த ஆசிரியர் இறந்தது அதே குகையில்தான்.

வேறொரு கட்டுரையில் சந்திப்போம்.