'காலி இடம்' யாருடைய சொல்?

லண்டனில் தேம்ஸின் தென்கரையில் காயின் ஸ்ட்ரீட் பகுதி. படகுத்துறைகளும் கிடங்குகளும் ஆலைகளும் இருந்த இடம். தென்கரையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 50,000 பேர். 1970களின் தொடக்கத்தில் 4,000. வேலை போயிற்று, ஆட்களும் போனார்கள். 'சும்மாதானே கிடக்குது' என்று மூலதனம் வந்தது. ஆள் இருக்கும் இடத்தைக் காலி என்று பெயரிடுவதே அபகரிப்பின் முதல் படி.

கிரேகோட் நிறுவனம் அலுவலகக் கட்டடங்களை முன்வைத்தது. வரைந்தவர் ரிச்சர்ட் ரோஜர்ஸ். 1977இல் திரண்ட குடியிருப்பாளர்களோ 'வேண்டாம்' என்பதோடு நிற்கவில்லை. வீடு, பூங்கா, ஆற்றோர நடைபாதை என்று தங்கள் திட்டத்தையும் வைத்தார்கள். இரண்டு பொது விசாரணைகளுக்குப் பிறகு அரசு இரண்டுக்குமே அனுமதி தந்தது! நடுநிலை என்பார்கள். காகிதத்தில் இருவரும் சமம் என்றால், நிலம் யார் கையில் என்பதே தீர்ப்பு.

1984இல் கிரேகோட் விலகிற்று. அன்று இடதுசாரித் தொழிற்கட்சியினர் கையிலிருந்த லண்டன் பெருநகர மன்றம் அதன் பங்கையும் வாங்கி, பயன்பாட்டுக்கு நிபந்தனைகள் விதித்தது. அதனால் விலை சரிந்தது. 13 ஏக்கரும் பத்து லட்சம் பவுண்டுக்குக் குடியிருப்பாளர்கள் அமைத்த நிறுவனத்திடம் வந்தது. நிலத்தின் விலை இயற்கை விதியல்ல, அரசியல் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? 1986இல் தாட்சர் அரசு அந்த மன்றத்தையே கலைத்துவிட்டது. இரண்டு வருஷம் தாமதித்திருந்தால் கதையே வேறு.

ஆனாலும் புனிதப்படுத்த வேண்டாம். பழைய ஆக்ஸோ கட்டடத்தை 1996இல் புதுப்பித்தபோது நடுத் தளங்களில் கூட்டுறவு வீடுகள், உச்சியில் பணக்காரர்களின் உணவகம். கடை வாடகைதான் பொதுக் காரியத்துக்கு வருமானம். கூட்டுறவு வீட்டில் இருப்பவர் அதைத் தன் சொத்தாக விற்க முடியாது. வீட்டைச் சொத்தாகவே பார்த்துப் பழகிய நமக்கு இதுதான் உறுத்தும்.