இருபது வயதில் இளைப்பு: ஆஸ்துமாதானா?

சிறு வயதில் இருந்த இளைப்பு நின்றுவிட்டது என்று நாம் நிம்மதியாக இருப்போம். கல்லூரிக் காலத்தில் அது திரும்பி வருவதுண்டு. அந்த வயதில்தான் முதன்முறையாகத் தொடங்குவதும் உண்டு. விடியற்காலை இருமல், ஓடினால் நெஞ்சு இறுக்கம், சாம்பிராணிப் புகையில் மூச்சுத் திணறல் எல்லாம் வந்து வந்து போகும். அப்படி வந்து போவதுதான் ஆஸ்துமாவின் அடையாளம். அதனால் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைக்கும் நேரத்தில் ஒன்றும் கேட்காமல் போகலாம். எக்ஸ்ரேயும் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும்.

இதைக் கண்டறிய ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை இருக்கிறது. ஒருமுறை ஊதச் சொல்லி, சால்பியூட்டமால் கொடுத்து, சுமார் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் வினாடியில் வெளிவரும் காற்று 12 சதவீதத்துக்கும் 200 மில்லிலிட்டருக்கும் மேல் கூடினால் ஆஸ்துமாவுக்கு அது வலுவான சான்று. கூடாவிட்டால் ஆஸ்துமா இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது; தொந்தரவு இருக்கும் நாளில் மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளைக்கு வரன் தட்டிப்போகுமே என்று பரிசோதனைக்கே போகாத வீடுகள் நம்மில் உண்டு. இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயம் வேறு! அது போதைப் பொருள் அல்ல. சால்பியூட்டமால் அந்நேரத்துக்கு மூச்சுக்குழாயை விரிக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். இளைப்பு இல்லாத நாளிலும் மருத்துவர் சொன்னபடி அதை இழுக்க வேண்டும்.