தரவுக் காப்பு நூற்பாவும் விளக்கவுரையும்

இழக்கத் தகுமளவு முன்னர்த் தெளிந்து
வாரம் முழுமையும் நாள்தொறும் வேறுபாடும்
கால்மணிக் கொருகாற் பதிவும் எடுத்து
ஒருபடி புறத்தே வைத்து மீட்டறிக.

என் நுதலிற்றோ எனின், வணிகத் தரவுத்தளத்தைக் காத்து மீட்கும் முறை உணர்த்துதல் நுதலிற்று.

இழக்கத் தகுமளவு என்பது, கேடுற்றக்கால் எத்துணை நேரத்து வேலை போயினும் வணிகம் தாங்கும் என்னும் எல்லை. ‘தகும்’ என்றமையான், அதனை வரையறுப்பார் கணினிப் பிரிவினர் அல்லர், வணிகம் உடையாரே என்பது பெற்றாம். ‘முன்னர்’ என்றது, காப்பெடுக்கும் கால அட்டவணை அவ்வெல்லையிற் பிறக்கும் என்றற்கு.

வாரம் முழுமை என்பது, வாரந்தோறும் எடுக்கும் முழு பேக்கப். வேறுபாடு என்பது, அம்முழுமைக்குப்பின் மாறிய அனைத்தையும் திரட்டும் டிஃபரன்ஷியல் பேக்கப். ‘நேற்றைக்குப்பின் மாறியது’ எனக் கொள்ளற்க, அஃது இன்கிரிமென்டல். ஆகலின், வெள்ளியன்று கெடின் ஞாயிற்று முழுமையும் வியாழன் இரவு வேறுபாடும் அதன் பின்னைப் பதிவுகளும் அமையும், இடைநாளின் வேறுபாடுகள் வேண்டா.

பதிவு என்பது டிரான்சாக்‌ஷன் லாக். கால்மணி என்றது மேற்கூறிய எல்லை 15 நிமிடமாயவிடத்து. 5 ஆயின் 5 எனக் கொள்க. காலை 11.07க்கு ஒருவர் நிபந்தனையிடாது டெலீட் கட்டளை கொடுப்ப, பில் அட்டவணை வெறிதாயிற்று எனின், லாக்குகளை வரிசையின் ஏற்றி 11.06இல் நிறுத்துதல் இதனாற் கூடும். இடையில் ஒன்று தொலையின் அதன் பின்னவை ஏறா. ரெப்ளிகா என்னும் உடனிகழ் நகல் இருப்ப இவை எற்றுக்கு எனின், அஃது அழித்தலையும் உடன் பின்பற்றுமாகலின் காப்பாகாது என்க. முழுமையும், வேறுபாடும், பதிவும் என்னும் உம்மைகள் எண்ணின்கண் வந்தன. மூன்றும் வேண்டும் என்றவாறு.

புறத்தே என்பது, சர்வர் நிற்கும் கட்டடத்துக்குப் புறத்தே. அச்சர்வரின் பாஸ்வேர்டுக்கு எட்டாத இடமும் அடங்கக் கொள்க. ரான்சம்வேர் எட்டிய படிகளையும் பூட்டுமாகலின்.

மீட்டறிக என்பது, வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்து, வரவு செலவு ஒத்துப் பார்த்து, ஆன நேரத்தை அளந்தறிக என்றவாறு. தெளிந்து, எடுத்து, வைத்து என்னும் எச்சங்கள் இம்முற்றுக் கொண்டே முடிந்தன. மீட்டறியாக் காப்பு முடியாக் காப்பு என்பது கருத்து. இதற்குச் சான்றாக, 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்து ஊழியர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தார். பொருந்தாப் பழம்பதிப்புக் கருவியால் அன்றாட பேக்கப் தோற்று வந்தமையும், அதனை அறிவிக்கும் மின்னஞ்சல் சேராமையும் அன்றே தெரிந்தன. சோதனைச் சூழலுக்கென ஏறக்குறைய 6 மணி நேரம் முன் எடுத்த ஸ்னாப்ஷாட்டே உதவிற்று.

ஒருகால் மீட்டறிதல் அமையுமோ எனின், அமையாது. தரவு பெருகப் பெருக மீட்கும் நேரமும் பெருகுமாதலின், காலாண்டுதோறும் செய்க என்க.