என்ஜின் எப்போது இறக்க வேண்டும்?



பழைய ட்ரெயில் பைக் வாங்கிய நம்ம ஊர்த் தம்பி ஒருவரின் என்ஜின், போன மாதம் மேடு ஏறும்போது இறுகி நின்றது. பிஸ்டன் உடைந்து, துண்டுகள் கீழே விழுந்து கிராங்கும் போய்விட்டது. நேரத்தோடு பிஸ்டனும் ரிங்கும் மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். "ஓடிக்கொண்டுதானே இருந்தது சேர்" என்கிறார். நாங்கள் வகுப்பில் படிப்பிக்கும் வரலாறு அரசர்களோடு நின்றுவிடுகிறது. இந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதால் எழுதுகிறோம்.

கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். கம்பனியின் பொறியியலாளர் வால்டர் காடன், புகைக்குழாயின் வடிவத்தை மாற்றியே சின்ன டூ ஸ்ட்ரோக் என்ஜினிலிருந்து பெரிய வலுவை எடுத்தார். அவருடைய ஓட்டவீரர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்கே தப்பி, அந்த அறிவோடு சுசுகியில் சேர்ந்தார். அடுத்த வருடமே சுசுகிக்கு 50 சீசீ உலகப் பட்டம். 1968இல் யமஹா டிடி-1 வந்தது. மண்பாதை பைக் சாதாரண ஆட்களின் கைக்கும் வந்த காலம் அது. நம்ம நாட்டில் ஓடிய டிடி 125 அந்தப் பரம்பரைதான்.

டூ ஸ்ட்ரோக்கில் வால்வ் இல்லை. பெட்ரோலோடு வரும் கொஞ்ச எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் கிராங்க் பெயாரிங்குக்கும் காவல். ஃபில்டர் வழியாகத் தூசி நுழைந்தால் கிராங்க் அறைக்கே போய்ச் சேரும். ஆனால் இந்த என்ஜின் தன் நோயை மறைக்காது. பழைய கராஜ் நானாமார் முதலில் காலால்தான் பார்ப்பார்கள். கிக்கரில் உடம்புப் பாரத்தை வைத்தால் அது எதிர்த்து நின்று மெதுவாக இறங்க வேண்டும். வெறும் காற்றில் மிதிப்பதுபோல் போனால் கம்ப்ரஷன் இல்லை. குளிர்ந்த என்ஜினில் டக் டக் என்று கேட்டால் பிஸ்டன் சிலிண்டரில் ஆடுகிறது. புகையைப் பார்த்து ஏமாறக் கூடாது, எண்ணெயை எரிப்பது அதன் பிறவிக் குணம். சிலிண்டரைக் கழற்றினால் ரொட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேல்கீழாக ஆடினால் கிராங்கையும் செய்ய வேண்டும்.

நம்ம ஏ9 வீதியின் மறுமுனையில் இந்த அறிவு வேறு விதமாகச் சோதிக்கப்பட்டது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் தடை. சில துளி பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி என்ஜின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், அதனால் தேய்மானம் கூடும். அங்குள்ள மெக்கானிக்மாரின் கை தேர்ந்ததற்கு அந்தக் காலமும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

1997இல் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் சூப்பர்கிராஸில் டக் ஹென்றி யமஹா ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கில் வென்றார். அடுத்த வருடம் அது வைஇசட்400எஃப் என்று விற்பனைக்கு வந்தது. சில வருடங்களில் மோட்டோகிராஸ் மைதானமே ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் சாய்ந்தது. இங்கேதான் பழைய காதும் காலும் தோற்கின்றன. இந்த என்ஜின் கடைசி வரை நன்றாக இழுக்கும், பிறகு ஒரேயடியாக உடையும். கிக்கரை மிதிக்கும்போது கம்ப்ரஷனை விடுவிக்கும் ஏற்பாடு பலவற்றில் உண்டு, எனவே கால் சொல்வதை நம்ப முடியாது. சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுத்தால் வால்வ் இடைவெளியை அளக்க வேண்டும். ஒயில் குறைவது, நீலப் புகை, ஒயில் ஃபில்டரில் மினுங்கும் உலோகத் துகள் எல்லாம் எச்சரிக்கை. போட்டி பைக்குகளின் கையேடுகள் பிஸ்டன் மாற்றுவதை ஓடிய மணித்தியாலத்தில் கணக்கிடுகின்றன, கிலோமீட்டரில் அல்ல.

இங்கே இன்னொன்றும் நடந்தது. 2008இல் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. அவை குறையக் குறைய, அந்த என்ஜினைத் தினமும் தொட்ட கைகளும் குறைந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்து வருடம் பழைய என்ஜின்களைச் செய்து செய்தே ஓட்டினோம். இன்று கைமாறும் பைக்குகள் பல, எத்தனை தரம் இறக்கியது, எந்த ஓவர்சைஸில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாதவை.

நம்ம ஊரின் பெயர் வரலாற்றில் நிற்பதே எழுதியதால்தான். வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சத்திலும் போரிலும் மனனம் செய்தவர்கள் குறைந்துபோன பின், வாய்வழி வந்த திரிபிடகத்தைப் பிக்குமார் அலுவிகாரைக் குகைகளில் ஏட்டில் எழுதினார்கள் என்பது பௌத்த மரபு. நாங்கள் கேட்பது சின்ன விஷயம்: ஒரு நாற்பது பக்கக் கொப்பி. பிஸ்டன் மாற்றிய திகதி, ஓவர்சைஸ் அளவு, ஃபில்டர் கழுவிய நாள், ஓடிய மணித்தியாலம். பைக்கை விற்கும்போது கொப்பியையும் கொடுங்கள்.

அந்தத் தம்பியின் சிலிண்டர் இப்போது லேத்தில் இருக்கிறது. கொப்பியை நாமே வாங்கிக் கொடுத்துவிட்டோம்.