வன்னிக் குன்றுகளும் இல்லறத்தார் படிகளும்

வன்னிப் பெருநிலம் குளங்களின் நாடு, மலைநாடு அன்று. வயலும் காடும் குளக்கட்டும் ஒரே மட்டமாய்ப் பரந்து கிடக்கும் அந்நிலத்தில், மரமுடிகளுக்கு மேலாக ஆங்காங்கே கரும்பாறைக் குன்றுகள் சில தலைநீட்டுகின்றன. 2,243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாத மலையைக் கண்டவர் இவற்றை மலையென்று சொல்லத் தயங்குவர். வன்னி மக்களோ தயங்கினாரல்லர். குருந்தூர்மலை என்றும் வெடுக்குநாறிமலை என்றும் பெயரிட்டு வழங்கினர். சமநிலத்தில் வாழ்வோனுக்குச் சிறு குன்றும் சிகரமே அன்றோ?

மலையேறுவோர் யாவர்? இளைஞன் வலிமையைக் காட்ட ஏறுகிறான். துறவி தனிமையை நாடி ஏறுகிறான். இவ்விருவரையும் வரலாறு எளிதில் நினைவிற் கொள்கிறது. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொறோக்கோ நாட்டுப் பயணி இபுனு பத்தூத்தா, சிவனொளிபாத மலைக்குச் செல்ல விரும்பியபோது, ஆரியச்சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் யோகியர் நால்வரையும் வழித்துணையாகக் கொடுத்தான். அங்கும் முன்னிற்போர் யோகியரே. மனைவி மக்களோடு மூச்சிரைக்க ஏறும் நடுவயதுக் குடும்பத் தலைவனை ஏடுகள் பெரும்பாலும் மறந்துவிட்டன.

ஏடு மறந்தவனைக் கல் மறக்கவில்லை. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில், பாறைகளின் அடியிலே பழங்குகைகள் பல உள்ளன. மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் மேல்விளிம்பில் நீர்க்கோடு வெட்டி, பிராமி எழுத்திலும் பிராகிருத மொழியிலும் கொடையாளர் பெயரைப் பொறித்துள்ளனர். இவை கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பேராசிரியர் பரணவிதான 1970இல் வெளியிட்ட இலங்கைச் சாசனங்களின் முதலாந் தொகுதியில் இவை இடம்பெற்றன.

அவற்றுள் ஒரு குகை, நாகன் என்னும் அரசனின் மகளும் உத்தியன் என்னும் அரசனின் மனைவியுமாகிய அனுராதியும் அவள் கணவனும் சேர்ந்து அமைப்பித்தது. கணவனும் மனைவியும் ஒருங்கே அறஞ் செய்தமைக்கு இக்கல் சான்று.

வேறிரண்டு சாசனங்கள் அரசரைப் பற்றியன அல்ல. விசாகன் என்னும் தமிழ் வணிகன் ஒருவனை அவை குறிக்கின்றன. ஒன்று அவனது குகை என்கிறது. மற்றொன்று அவனது படிவரிசை என்று பரணவிதான பொருள் கண்டார். அவன் பெயருக்கு முன் நிற்கும் அடைமொழி ‘ககபதி’ என்பது, அதாவது இல்லத்தலைவன். பொருளீட்டி, குடும்பத்தைத் தாங்கி, பிறர்க்கு ஈயும் நிலையை அடைந்தவனுக்குரிய சொல் அது. அவன் மலையை வென்றதாகப் பெருமை பேசவில்லை. பின்வருவோர் கால் வழுக்காதிருக்கப் படி செய்தான். தமிழனாகிய அவ்வணிகன் பௌத்த துறவியர்க்குக் குகை அளித்தான் என்பதும், அதனைப் பிராகிருதத்தில் எழுதினான் என்பதும் கருதத்தக்கன. குன்றுகளை ஓர் இனத்தின் அல்லது ஒரு சமயத்தின் தனியுடைமையாக்க முயல்வோர் இச்சாசனத்தின் முன் சற்று நின்று செல்லல் நன்று.

இந்நினைவு வெறும் பழங்கதை அன்று. வவுனியா வடக்கில் ஒலுமடுவை அடுத்த வெடுக்குநாறிமலையிலும் பிராமி எழுத்துகள் உண்டு. அதன் உச்சியில் ஆதிலிங்கேசுவரர் வழிபடப்பட்டார். செங்குத்தான பாறையில் முதியோரைக் கைப்பிடித்தும் சிறுவரைத் தோளில் ஏற்றியும் கிராமத்துக் குடும்பங்கள் ஏறிவந்தன. போரினால் ஊர்விட்டு ஊர் அலைந்து, 2009ஆம் ஆண்டுக்குப் பின் மீண்டவர்களுள், இளமையிற் கண்ட குன்றை நடுவயதில் தம் மக்களுக்குக் காட்டியோர் உண்டு. தொல்லியல் காப்பு என்பதும் வழிபாட்டுரிமை என்பதும் அங்கே மோதிக்கொண்டன. 2023 மார்ச்சில் வழிபாட்டுச் சிலைகள் பெயர்க்கப்பட்டும் உடைக்கப்பட்டும் கிடந்தன. 2024 மார்ச்சில் சிவராத்திரி இரவில் எண்மர் கைதாயினர். பின்னர் வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

பழங்கல்லெழுத்தைக் காத்தல் அரசின் கடன்; அதில் ஐயமில்லை. ஆனால் குகையை வெட்டியோர் அதனை வெறுமையாய்க் கிடக்க வெட்டினாரல்லர். வருவோர் தங்கவும் ஏறவுமே வெட்டினர். குடும்பங்கள் ஏறாத குன்றில் எழுத்து எஞ்சலாம். அதைத் தம்முடையதெனப் பேணும் நெஞ்சம் எஞ்சாது. தந்தை கைகாட்ட மகள் ஏறும்போதே அக்குன்றின் வரலாறு அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. விசாகன் படி அமைத்ததும் அதன் பொருட்டேயாம்.