அம்மாவோடு சிறை போன அம்மாக்கண்ணு

நம்ம குழுக்கள் ஆரம்பிச்ச காலத்தில் தீர்மான நோட்டு எழுதினது யார்? பல ஊர்களில் பள்ளிக்கூடம் போன மகள்தான். அம்மா கைநாட்டு வைப்பார். மகள் கூட்டல் கழித்தல் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் பாடம் படிக்கப் போவாள். அவள் உறுப்பினர் இல்லையே, அதனால் வருகைப் பதிவில் பெயர் இருக்காது.

சுதந்திரப் போராட்டத்திலும் இப்படி ஒரு மகள் உண்டு. திண்டுக்கல்காரங்களுக்குச் சேவை என்றதும் 1947-ல் காந்திகிராமம் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் அம்மாதான் ஞாபகத்துக்கு வருவார். அதற்கும் இருபது வருஷம் முந்திய கதை இது. ஊர் கடலூர்.

கடலூர் அஞ்சலை அம்மாள் 1890-ல் பிறந்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார். சென்னை மவுண்ட் ரோட்டில் நீல் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் சிலை நின்றது. 1857 கிளர்ச்சியில் ஈவிரக்கமில்லாமல் ஜனங்களைக் கொன்றவன் அவன். அந்தச் சிலையை எடுக்கச் சொல்லி 1927-ல் தொண்டர்கள் போராடினார்கள். அஞ்சலை அம்மாள் போனார், ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கையோடு கூட்டிக்கொண்டு. இருவரும் கைதானார்கள்.

பெத்த பிள்ளையை ஜெயிலுக்கா கூட்டிட்டுப் போறது என்று கேட்கத் தோணும். எனக்கும் முதலில் மனசு பதறத்தான் செய்தது. ஆனால் நாம மட்டும் என்ன, மறியலுக்குக் காலிக்குடத்தோடு போகும்போது பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போனோம்?

காந்தி அந்தச் சிறுமியைச் சந்தித்தார். லீலாவதி என்று பெயர் மாற்றி, பிறகு வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துப் போனார்.

அம்மா நிற்கவில்லை. 1932-ல் கர்ப்பிணியாக வேலூர் சிறையில் இருந்தார். பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள். குழந்தை பிறந்த சில நாளில் மறுபடியும் உள்ளே போனார். 1937-ல் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். நீல் சிலை ரோட்டை விட்டுப் போனதும் அதே வருஷம்தான். பதவியில் இருந்து அவர் செய்தது நமக்கு நன்றாகவே புரியும்: தீர்த்தாம்பாளையம் ஜனங்கள் தண்ணீருக்குத் தவித்தபோது வீராணம் கால்வாயிலிருந்து கிளை வாய்க்கால் வெட்ட வைத்தார். ஆத்தூர் அணையில் தண்ணீர் இறங்கினால் திண்டுக்கல் டவுனில் குடம் வரிசை கட்டுவதைப் பார்த்த நமக்கு அந்த வாய்க்காலின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

லீலாவதி பிற்பாடு, மார்க்ஸின் 'மூலதனம்' நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்த விடுதலைப் போராட்ட வீரர் ஜமதக்னியை மணந்தார். அஞ்சலை அம்மாளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் மகளை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

பழைய தீர்மான நோட்டு பீரோவில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அந்தக் கையெழுத்து யாருடையது என்று அம்மாவைக் கேட்டு, ஓரத்தில் பெயரை எழுதி வையுங்கள்.