கள்ளாகும் முன்பு அது பதநீர்

தோட்ட வாழ்க்கை நமக்குத் தந்தது என்ன, நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்பதுதான் இன்றைய அரங்கத்தின் பேச்சு. எனக்கு முன் பேசியவர்கள் பள்ளிக்கூடம், கோயில், லயம் என்று பெரிய விஷயங்களை எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு தென்னம்பாளை. சிரிக்க வேண்டாம். அதற்குள் நூறு வருடக் கதை இருக்கிறது.

தென்னையிலிருந்து இறக்கும் பானம் எது என்று நம் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். 'கள்' என்று பதில் வரும். கூடவே ஒரு முகச்சுளிப்பும் வரும். அந்த முகச்சுளிப்புக்கு நியாயமான காரணம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் மரத்தில் கள் ஊறுவதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மரத்தில் ஊறுவது இனிப்பான சாறு. விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சில நாட்கள் மெல்லத் தட்டித் தட்டிப் பக்குவப்படுத்தி, நுனியைச் சீவினால் சொட்டுச் சொட்டாக வடியத் தொடங்கும். காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும். ஒரு மரம் நாளைக்கு ஒரு லிட்டர் தரும், நன்றாகச் சுரந்தால் இரண்டு லிட்டர். அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு சர்க்கரை. கரும்புச் சாற்றோடு போட்டி போடக்கூடிய இனிப்பு.

இந்தச் சாற்றுக்கு ஆயுள் குறைவு. நம் ஊர் வெக்கையில் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் உடனே வேலையை ஆரம்பித்துவிடும். காலையில் இறக்கியது மதியம் நுரைக்கும், மாலையில் கள், இரண்டொரு நாளில் காடி. இதைத் தடுக்க நம் முன்னோர் கண்டுபிடித்த வழி மிக எளிது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவி வைத்தார்கள், அவ்வளவுதான். சுண்ணாம்பு இருந்தால் ஈஸ்ட் எளிதில் பெருகாது, சாறு இனிப்பாகவே கீழே இறங்கும். அதுதான் பதநீர். சுண்ணாம்பு தடவாத கலயம் என்றால் கள். மரமும் பாளையும் ஏறுகிற ஆளும் ஒன்றுதான். விரல் நுனிச் சுண்ணாம்புதான் வித்தியாசம்.

பனையும் தென்னையும் வளரும் தமிழர் ஊர்களில் இந்த இனிப்புச் சாற்றுக்கு எத்தனை பெயர்! நெல்லையில் பதநீர், பேச்சில் பதனி. குமரியில் அக்கானி. கொங்கு நாட்டில் தெளுவு. யாழ்ப்பாணத்தில் கருப்பணி. பனையோலையைக் கோலி அதில் ஊற்றி, நுங்கைப் போட்டுக் குடிப்பார்கள். பச்சரிசியும் பாசிப்பருப்பும் பதநீரிலேயே வெந்தால் பொங்கல், வெல்லம் தேவையில்லை. மிச்சத்தைப் பெரிய சட்டியில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்குக் கொட்டையைத் தட்டிப் போடுவார்கள். பாகு இறுகியதும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. குழந்தைக்கும் கிழவிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கலாம்.

இவ்வளவும் தெரிந்த மக்கள்தான் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு என்று புறப்பட்டுக் கப்பலேறி மலாயா வந்தார்கள். இங்கே வந்த பிறகு அந்தச் சாற்றுக்கு மிஞ்சியது ஒரே பெயர். இது எப்படி நடந்தது?

பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு ஒன்று தெரியும். ரப்பர் பாலும் இதே மாதிரிதான். வெட்டிய பால் கெட்டிப்படாமல் இருக்க அம்மோனியா விடுவார்கள், கட்டியாக வேண்டுமென்றால் அமிலம் விடுவார்கள். எப்போது எதைச் சேர்ப்பது என்று தோட்ட நிர்வாகத்துக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அது துரையின் சரக்கு. தொழிலாளி குடிக்கும் சாற்றில் மட்டும் அந்த அக்கறை வரவில்லை. தோட்டத்துக்குள் உரிமம் பெற்ற கடைக்கு வந்தது சுண்ணாம்பு தடவாத கலயத்துச் சாறு. பதநீருக்குக் கடை வைத்தால் யாருக்கு என்ன இலாபம்? கள்ளுக்கு உரிமம் உண்டு, வரி உண்டு, மறுநாளும் திரும்பி வரும் வாடிக்கையாளர் உண்டு. நகரங்களில் அரசாங்கமே கள்ளுக்கடை நடத்தியது. தோட்டக் கடையின் இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்று ஏற்பாடும் இருந்தது. குடிக்கிறவன் பணத்தை எடுத்து அவனுக்கே நன்மை செய்வது! இதை எழுதியவர் நகைச்சுவையாக எழுதவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்தார்கள். பிறகு வந்த பொருளாதார மந்தத்தில் அதையும் குறைத்தார்கள். காலையில் ஒரு மரத்தில் பால் வெட்டிச் சம்பாதித்த காசு, மாலையில் இன்னொரு மரத்தின் சாற்றுக்குப் போயிற்று. முகச்சுளிப்புக்கு நியாயம் உண்டு என்று முதலில் சொன்னேன் அல்லவா? அரிசிப் பானையைப் பார்த்துக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள்தான் அந்த நியாயம்.

கள் சத்துள்ளது, அதில் வைட்டமின் இருக்கிறது, அதை மூடினால் கள்ளச் சாராயத்துக்குப் போவார்கள் என்று அன்று வாதம் செய்தவர்கள் உண்டு. இந்த வாதத்தை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். பின்னாளில் சம்சு நம் மக்களை என்ன பாடு படுத்தியது என்று நாம் பார்த்தோம், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் இயக்கம் நடத்தியது. ஆனால் சத்துக்காகக் கொடுப்பதென்றால் பதநீரையே கொடுத்திருக்கலாமே? அதிலும் சத்து உண்டு, மயக்கம் மட்டும்தான் இல்லை.

தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி வேண்டும், வெள்ளைக்காரரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். அதே பட்டியலில் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் இருந்தது. மானத்துக்கான கோரிக்கையோடு கள்ளுக்கடையும் சேர்ந்து நின்றது. தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் படை இறக்கப்பட்டது. போருக்குப் பின் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்று கள்ளுக்கடைகளை மறித்தார்கள். 1947 பிப்ரவரியில் பீடோங்கில் நடந்த மறியலில் போலீஸ் தலையிட்டது, ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கள்ளுக்கடை முன்னால் உயிர் கொடுத்த சமூகம் நம்முடையது. இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இங்கே ஒரு நிமிடம் தமிழகத்தைப் பார்த்துவிட்டு வருவோம், ஏனென்றால் இதே போராட்டம் அங்கேயும் நடந்தது, ஆனால் இரண்டு விதமாக நடந்தது. 1921ல் மதுவிலக்கு இயக்கத்துக்காகப் பெரியார் தம் தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். மரமே இல்லையென்றால் கள்ளுக்கு எங்கே போவார்கள்? அது ஒரு வழி. 1937 அக்டோபரில் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது இன்னொரு வழி எடுத்தது. கள் இறக்குவதைத் தடுத்தது, மரமேறிகளைப் பதநீருக்கும் வெல்லத்துக்கும் திருப்பிவிடப் பார்த்தது. காந்தியும் பனைவெல்லத்தைக் கிராமத் தொழிலாக ஆதரித்து எழுதினார். சட்டத்தின் கண்ணிலேயே கலயத்துச் சுண்ணாம்பு குற்றத்துக்கும் தொழிலுக்கும் நடுவில் கோடு போட்டது. மலாயாவில் நம்மவர் வைத்த கோரிக்கை கடையை மூடு என்பது. கடையை மூடச் சொன்னதில் தவறே இல்லை. மரமும் நிலமும் அவர்களுடையதல்ல, வேறு எதைக் கேட்க முடியும்? ஆனால் கள்ளை வெறுத்த வேகத்தில் பதநீரும் நம் நாக்கை விட்டுப் போய்விட்டது.

நம்மை விட்டுத்தான் போயிற்று, நாட்டை விட்டுப் போகவில்லை. அதே காலத்தில் தோட்டத்துக்கு வெளியே கம்போங்கில் மலாய்க்காரர்கள் அதே பாளையைச் சீவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அந்தச் சாற்றை நீரா என்பார்கள். நம் பதநீரில் இருக்கும் நீருக்கும் அதற்கும் உறவு இருப்பது காதிலேயே விழுகிறது. புளித்து மயக்கம் தந்தால் அது அவர்களுக்கு ஹராம். ஆகவே புளிக்கும் முன் காய்ச்சியாக வேண்டும். ஏழெட்டு லிட்டர் சாற்றை மணிக்கணக்கில் காய்ச்சினால் ஒரு கிலோ கிடைக்கும். மூங்கில் குழாயில் ஊற்றி ஆற வைத்தால் குலா மலாக்கா. தென்னை மட்டுமல்ல, கபோங் மரத்திலும் நீப்பா மரத்திலும் இதைச் செய்வார்கள். செண்டோலில் ஊற்றும் பழுப்புப் பாகு, ஓண்டே ஓண்டேயைக் கடித்தால் உள்ளே வெடிக்கும் இனிப்பு, சாகோவின் மேல் வழியும் பாகு எல்லாம் அதுதான். செண்டோலை நாமும் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறோம். கள்ளின் உடன்பிறப்பைத்தான் சாப்பிடுகிறோம் என்று நினைப்பதில்லை.

சிங்கப்பூரில் கள்ளுக்கடைகள் 1970களின் இறுதியில் முடிவுக்கு வந்தன. மலேசியாவில் உரிமம் பெற்ற சில கடைகள் இன்னும் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கு வந்துவிட்டார்கள். பாளை சீவத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள்.

ஒரு கேள்வி இந்த இடத்தில் எப்போதும் வரும். பச்சையாகக் குடிக்கலாமா? மரத்தடியில் காலங்காலமாகக் குடித்தே வந்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 1998-99ல் நம் நாட்டைக் கலக்கிய நிப்பா கிருமி, நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா கம்பத்தின் பெயரைப் பெற்றது. நீப்பா என்பதே ஒரு சாறு தரும் மரத்தின் பெயர்! இங்கே அது பன்றிகளிடமிருந்து பரவியது, மரச்சாற்றால் அல்ல. ஆனால் 2001க்குப் பிறகு பங்களாதேஷில் அதே கிருமி, வௌவால் வாய் வைத்த பேரீச்ச மரச் சாற்றைப் பச்சையாகக் குடித்தவர்களுக்குப் பரவியது. அங்கே கலயத்தின் மேல் மூங்கில் தட்டி கட்டி வௌவாலைத் தடுக்கிறார்கள். கலயத்தை மூடி இறக்கியது, கொதிக்க வைத்தது என்றால் கவலை இல்லை. நம் பாட்டிமார் பதநீரைப் பொங்கலாக்கியதும் கருப்பட்டியாக்கியதும் இனிப்புக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிளந்தான், திரெங்கானு பக்கம் போனால் சாலையோரத்தில் நீரா விற்பார்கள். கிளந்தானில் துவாக் என்றும் சொல்வார்கள், பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அங்கே அது இனிப்புச் சாறுதான். காலையில் வாங்குங்கள். இறக்கி எவ்வளவு நேரமாயிற்று என்று கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தெளிய வைத்து, அடியில் சுண்ணாம்பு இருந்தால் விட்டுவிட்டு மேலாக இறுத்து, ஒரு கொதி விட்டு அரிசியைப் போடுங்கள். சர்க்கரை போடாதீர்கள். ஏலக்காய் இருந்தால் போதும். வரும் வழியில் புட்டி நுரைத்துக்கொண்டு மூடியைத் தள்ளினால் பொங்கலுக்கு ஆகாது. அதைக் கொட்டிவிடாமல் இரவு ஆப்ப மாவில் ஒரு குவளை ஊற்றி வையுங்கள்.